முதலாளி படாத வருத்தங்கள்

பிற்காலத்தில் எனக்குக் கீழே டைப் அடித்துக்கொண்டிருந்த வேலாயுதம் இன்று ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் பெரிய மேனேஜர். போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். கம்பெனி மலர் ஒன்று போடுகிறார்களாம். அதற்கு நான் பிரெஞ்சுக் கடிதம் எழுதிப் பிழைத்த கதையை எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"ரெண்டு பக்கம் போதும் சார். நல்லவிதமா எழுதுங்க. இப்பல்லாம் அவங்களும் இங்கிலீஷ்ல எழுதுறாங்க, நம்மளும் இங்கிலீஷ்ல எழுதுறோம். உங்க வேலைன்னு ஒண்ணு இருந்துச்சுன்னே புதுப் பிள்ளைகளுக்குத் தெரியல" என்றான். நான் எதிரே உட்கார்ந்து காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு நினைவாஞ்சலி வாசித்துவிட்டான். சரி, எழுதுகிறேன். ஆனால் ரெண்டு பக்கத்தில் அடங்காது, நல்லவிதமாகவும் வராது.

எல்லோரும் தாங்கள் செய்த வேலையைச் சொல்லிச் சம்பளம் வாங்குவார்கள். நான் நடக்காத காரியங்களை எழுதிச் சம்பளம் வாங்கினேன். பிரெஞ்சில் அதற்கென்றே ஒரு காலம் உண்டு. இறந்தகாலமும் இல்லை, எதிர்காலமும் இல்லை. "மழை பெய்திருந்தால் சோளம் விளைந்திருக்கும்" என்கிறோமே, அந்த 'விளைந்திருக்கும்'தான் அது. விளையவில்லை என்பது சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். இருந்தாலும் அதைச் சொல்லாமல் நம்மால் ஒரு நாள் பொழுதைத் தள்ள முடியாது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் படித்து ஆளானது இந்த ஒரு காலத்தினால்.

நான் தாடிக்கொம்புப் பக்கத்துக்காரன். ஊர்க் கோயில் பெருமாள் பெயரைத்தான் எனக்கும் வைத்தார்கள். சௌந்தரராஜன் என்ற பெயருக்கும் என் முகத்துக்கும் உள்ள தூரத்தைப் பற்றி ஊரில் பலர் பேசிவிட்டார்கள், நான் வேறு பேச வேண்டாம். என் தாய்மாமன் திண்டுக்கல் பூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய்ப் புதுச்சேரியில் விற்றுக்கொண்டிருந்தார். கடைக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார். பிரெஞ்சுக்காரன் ஊரில் பிரெஞ்சு படித்தால் உத்தியோகம் நிச்சயம் என்று சொல்லி மாலை வகுப்பில் சேர்த்துவிட்டார். வினைச்சொல் ஒவ்வொன்றையும் நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு ஆளுக்கும் ஒப்பிக்க வேண்டும். பூட்டுக்குச் சாவி போட்டுப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தேன். கடைசிப் பரீட்சையில் நான் தேறிய வருஷம்தான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார்கள். உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது, மாவு விற்கப் போனால் காற்று அடிக்கிறது என்பார்களே, அந்த ராசி எனக்கு.

ஊருக்குத் திரும்பி, யாருக்கும் வேண்டாத பாஷையோடு சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் திண்டுக்கல் பேகம்பூரில் சுல்தான் ராவுத்தர் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் தோல் பதனிடும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஊரில் அதைத் தோல் ஷாப்பு என்பார்கள். அவருடைய சித்தப்பா ஒருவர் சைகோனில் கடை வைத்திருந்த காலத்தில் பிரான்ஸில் மார்சேல் துறைமுகத்து வியாபாரி ஒருவரின் தொடர்பைப் பிடித்துக் கொடுத்திருந்தார். வருஷா வருஷம் ஆட்டுத்தோல் அங்கே போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா காலமானபின் பிரெஞ்சு எழுத ஆள் இல்லை.

ராவுத்தர் என்னைச் சுண்ணாம்புக் குழிகளுக்கு நடுவே நிற்க வைத்துத்தான் நேர்காணல் நடத்தினார். ஆறடி உயரம். வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இருக்காது. அந்த நாற்றத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"பிரெஞ்சுல வையத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்றேன்.

"நல்லதாப் போச்சு. வையிறத நானே தமிழ்ல வஞ்சுக்கிறேன். நீ மரியாதையா எழுது. அதுக்குத்தான் சம்பளம்."

இந்த வாக்கியத்தைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு என்மேல் குற்றம் சொல்ல வந்தவர்களிடமெல்லாம் இதைத்தான் நான் காட்டினேன்.

கடிதம் எழுதும் முறையைச் சொல்கிறேன். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல மாட்டார். குழிக்குக் குழி நடந்துகொண்டே சொல்வார். நான் பின்னாலேயே நடந்து தமிழில் குறித்துக்கொள்வேன். ஆவாரம்பட்டை ஊறும் தொட்டியில் ஒருவன் தோலைப் புரட்டிக்கொண்டிருப்பான், அவனுக்கு ஒரு வசவு, மார்சேலுக்கு ஒரு வரி என்று மாறி மாறி வரும். எந்த வரி யாருக்கு என்று பிரித்து எடுப்பதுதான் முதல் வேலை. பிறகு மேசைக்கு வந்து பிரெஞ்சில் எழுதி, இங்கிலீஷ் டைப்ரைட்டரில் அடிப்பேன். அந்த மெஷினில் பிரெஞ்சு எழுத்துக்குத் தலையில் போடுகிற கோடும் தொப்பியும் கிடையாது. அடித்த பிறகு நிப்புப் பேனாவால் ஒவ்வொரு எழுத்துக்கும் தொப்பி வைப்பேன். முதலாளி தமிழில் கையெழுத்துப் போடுவார்.

அவர் சொல்வது எப்போதும் நான்கே வரிதான். சரக்கு ஏற்றியாச்சு. கப்பல் பேர் இது. போன தடவை சரக்கில் குறை என்றால் அது கப்பல்காரன் குறை. அடுத்த ஆர்டர் என்ன? இதை அப்படியே பிரெஞ்சில் போட்டால் மார்சேல்காரர் அடுத்த கப்பலிலேயே உறவை முறித்துக்கொள்வார். பிரெஞ்சு வியாபாரக் கடிதத்தில் ஒருவன் குறைந்தது இரண்டு தடவையாவது வருத்தப்பட வேண்டும். 'இன்னும் முன்னதாக அனுப்பியிருப்போம்', 'தங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும்', 'நேரில் வந்து பார்த்திருப்பேன், உடல்நிலைதான் இடம் கொடுக்கவில்லை' என்று எழுதினால்தான் அது மரியாதை. முதலாளியின் உடல்நிலைக்கு ஒரு குறையும் கிடையாது. பச்சைத்தோல் கட்டை ஒற்றைக் கையால் தூக்குவார். என் கடிதங்களில் மட்டும் அவர் அடிக்கடி படுத்துக்கொள்வார்.

ஒரு நாள் கடிதத்தைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நான் சொன்னது நாலு வரி. இது என்ன ஒரு பக்கத்துக்கு ஓடுது?"

"பிரெஞ்சு கொஞ்சம் நீளமான பாஷைங்க மொதலாளி" என்றேன்.

"அதான் எல்லா ஊரையும் விட்டுட்டுப் போயிட்டாய்ங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

மறைக்காமல் அவரிடமே சொல்லிவிட்டு எழுதியிருக்கலாமே என்று வேலாயுதம் கேட்டான். இதுவும் அதே காலம்தான், கவனியுங்கள். சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. வருத்தம் என்ற சரக்கே முதலாளியிடம் கிடையாது. அது ஒரு கொள்கை. "அப்படிச் செஞ்சிருந்தா, இப்படிச் செஞ்சிருந்தா" என்ற பேச்சு ஷைத்தானுக்குக் கதவைத் திறந்துவிடும் என்று அவர்கள் மார்க்கத்தில் சொல்வார்கள். நடந்தது ஆண்டவன் நாட்டம், அதைப் போட்டுக் குடையாதே என்று, துக்கத்தில் இருப்பவன் மனசை ஆற்றச் சொன்ன பெரிய வார்த்தை. நம் முதலாளி அதை எடுத்துத் தன் தோல் வியாபாரத்துக்குத் திண்டுக்கல் பூட்டாக மாட்டிக்கொண்டார். தோல் கறை பட்டுப் போனதா? நாட்டம். பட்டையைக் குறைத்துப் போட்டதால்தானே என்று மேஸ்திரி இழுத்தால், "ஏலே, செஞ்சிருந்தாங்கிற பேச்ச இங்க எடுக்காத" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஆனால் அடுத்தவனைத் திட்டும்போது மட்டும் அந்தக் காலம் அவர் வாயில் தேனாக ஓடும். "நீ நேத்தே சொல்லியிருந்தா நான் அப்பவே ஒன்னயத் தூக்கி வெளிய எறிஞ்சிருப்பேன்ல!" என்று ஒரு நாள் வண்டிக்காரனைப் பார்த்துக் கத்தினார். இலக்கணப் புத்தகத்தில் போடலாம், அப்படி ஒரு சுத்தமான உதாரணம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மொதலாளி, நீங்க வேணாம்னு சொல்ற காலம் இதுதானுங்க" என்றேன்.

"இது காலமில்லப்பா, கோவம்" என்றார்.

இப்படி ஐந்தாறு வருஷம் ஓடியது. மார்சேல்காரர் பெயர் முசியே மொரேல். முதலில் அவர் கடிதங்களும் நான்கு வரியாகத்தான் வந்தன. போகப் போக அவரும் நீண்டார். தன் மூட்டுவலி, பேரன் பள்ளிக்கூடம் எல்லாம் எழுதினார். நான் அவற்றை முதலாளியிடம் சுருக்கி, "நலம் விசாரிச்சிருக்காருங்க" என்பேன். "அவரு நலமா இருந்தா ஆர்டரக் கூட்டிப் போடச் சொல்லு" என்பார். நான் அதை, 'தங்கள் மூட்டுவலி பற்றி முன்பே அறிந்திருந்தால் எங்கள் சிறுமலை மூலிகைத் தைலம் அனுப்பியிருப்பேன்' என்று எழுதுவேன். சிறுமலையில் அப்படி ஒரு தைலம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அனுப்பினால்தானே தைலம் வேண்டும்? அனுப்பியிருப்பேன் என்பதற்கு வெறும் காகிதம் போதும்.

இதற்கிடையில் முதலாளியம்மா காலமாகிவிட்டார். மஞ்சள் காமாலை. சில நாள்தான் படுத்திருந்தார். அந்த அம்மாளை நான் பார்த்ததுகூட இல்லை. பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் பிரியாணி வரும், அதில் கை மணம் தெரியும், அவ்வளவுதான் பழக்கம். அடக்கம் முடிந்து மூணாம் நாள் பாத்திஹா ஓதிய கையோடு முதலாளி ஷாப்புக்கு வந்தார். தொட்டிக்குத் தொட்டி நடந்தார், வழக்கம்போல் வைதார். தொழிலாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் அவர்மேல் வெறுப்பாகத்தான் இருந்தது. மனுஷன் கல் என்று நினைத்தேன்.

நான் செய்தி எழுதியிருந்தேன், மொரேலிடமிருந்து துக்கக் கடிதம் வந்தது. பதில் எழுத வேண்டும் என்றேன். "மவுத்துக்குப் போட்ட கடுதாசி கெடச்சுச்சு, நன்றின்னு போடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஒரே வரி. மனைவியை இழந்தவன் பிரெஞ்சில் ஒரே வரி எழுத முடியாது. நான் மேசையில் உட்கார்ந்து யோசித்தேன். அந்த 'விளைந்திருக்கும்' காலத்தில் பெரும்பாலான வினைச்சொற்களுக்கு முன்னால் 'வைத்திரு' என்ற துணைச்சொல் வரும். போனான், வந்தான், பிறந்தான், செத்தான், விழுந்தான் போன்ற கொஞ்சம் பேருக்கு மட்டும் 'இரு' என்பது வரும். அந்தக் கூட்டத்தில் 'தங்கினான்' என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். போகிறவன் வருகிறவன் நடுவில் நகராமல் இருப்பவனை ஏன் சேர்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்று அந்தச் சொல்தான் கைக்கு வந்தது. 'ஜ ஸெரே ரெஸ்தே' என்று ஆரம்பித்து எழுதினேன். 'தெரிந்திருந்தால், அவள் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பேன்.' தொப்பிகளை எல்லாம் வைத்து, கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து வினை வந்தது. நாங்கள் அனுப்பிய சரக்கில் கறை. முதலாளி கப்பல்காரனைக் குற்றம் சொன்னார், நான் 'முன்பே தெரிவித்திருக்க வேண்டும்' என்று அவர் சார்பில் தலைகுனிந்தேன். மொரேல் பதில் எழுதினார்: மதராஸில் வேறு வியாபாரிகள் விலை குறைத்துக் கேட்கிறார்கள். அவர்களைப் பார்க்க வருகிறேன். முடிவு எடுக்கும் முன், இத்தனை வருஷம் எனக்கு இப்படிக் கடிதம் எழுதிய மனிதரை நேரில் பார்க்க வேண்டும்.

முதலாளியிடம் காட்டும் முன் அதை இரண்டு தடவை படித்தேன். அவர் பார்க்க வருவது அடிக்கடி நோய்வாய்ப்படுகிற, மென்மையான, எதற்கும் வருந்துகிற ஒரு கனவானை. அந்த ஆள் என் டைப்ரைட்டருக்குள் மட்டும்தான் இருந்தார். கடிதத்து வார்த்தை எதுவும் முதலாளியுடையது இல்லை என்று மொரேலுக்குத் தெரிந்தால் ஆர்டர் மதராஸுக்குப் போகும். முதலாளிக்குத் தெரிந்தால் நான் தாடிக்கொம்புக்குப் போவேன். ஆர்டர் போனாலும் பிரெஞ்சு எழுத்தருக்கு என்ன வேலை? எப்படிப் பார்த்தாலும் வீட்டுக்குத்தான்.

முதலாளிக்கோ ஏக உற்சாகம். "நாலு வார்த்த நானே பிரெஞ்சுல பேசிப் போடுறேன். சொல்லிக் குடு" என்றார். தினமும் மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்ததும் பாடம். நிகழ்காலத்தை ஒரே நாளில் பிடித்துவிட்டார். 'நான் விற்கிறேன், நீங்கள் வாங்குகிறீர்கள்' என்ற இரண்டு ஆள் போதும், மற்ற நாலு பேர் தனக்கு எதற்கு என்றார். எதிர்காலம் ஒவ்வொன்றின் பின்னாலும் இன்ஷா அல்லாஹ் சேர்த்துக்கொண்டார். மெதுவாக நான் என் காலத்துக்கு வந்தேன். ஒரு 'அனுப்பியிருப்பேன்', ஒரு 'வந்திருப்பேன்', இரண்டே இரண்டு வாக்கியம் அவர் வாயில் வந்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று எனக்கு நப்பாசை.

"ஜோரே" என்று, 'அனுப்பியிருப்பேன்' என்பதன் முன்பாதியை ஆரம்பித்தேன். தொட்டியில் நின்றவர்கள், "ஜோரே, ஜோரே!" என்று குரல் கொடுத்தார்கள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் முதலாளி. சொன்னேன். முகம் மாறிவிட்டது. "நடக்காததுக்கு எதுக்குய்யா ஒரு காலம்? வராத சரக்குக்கு எவனாச்சும் குடோன் வாடகை குடுப்பானா?"

"மரியாதைக்குச் சொல்றதுங்க."

"மரியாதைக்கு நான் ஆட்டையே அறுத்துப் போடுறேன். இந்தப் பேச்சு வேணாம். எடுத்து வையி" என்று பாடத்தையே முடித்துவிட்டார்.

மொரேல் வந்து இறங்கினார். மதராஸ் மெயிலில் கரி படிந்த முகத்தோடு, ஒல்லியாக, கையில் ஒரு பிரம்போடு இறங்கியவர் பிளாட்பாரத்தில் நின்று சுற்றிப் பார்த்தார். நோயாளிக் கனவானைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஆறடி முதலாளி நேரே போய் அவரைக் கட்டித் தழுவி, "ஜ வான், வூ ஸஷத்தே!" என்றார். நான் விற்கிறேன், நீங்கள் வாங்குகிறீர்கள். இதுதான் வரவேற்பு. மொரேல் என்னைப் பார்த்தார். "முதலாளி இப்போது பூரண குணம் அடைந்துவிட்டார்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

காலையெல்லாம் ஷாப்பைச் சுற்றிக் காட்டினோம். மொரேல் தோலை மடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பேசவே இல்லை. முதலாளி பேசிய பேச்சுக்கெல்லாம் நான் நடுவில் நின்று மெருகு ஏற்றினேன். "கறையெல்லாம் கப்பல்காரன் வேல, அவன் கிட்டப் போயி அழச் சொல்லு" என்பார். "கப்பலில் நேர்ந்ததை எண்ணி முதலாளி மிகவும் வேதனைப்படுகிறார்" என்பேன். முதலாளியின் முகத்தில் வேதனையைத் தேடிப் பார்த்துவிட்டு மொரேல் மறுபடியும் என்னைப் பார்ப்பார்.

மத்தியானம் முதலாளி வீட்டில் விருந்து. முன்கட்டில் இலை போட்டு, சீரகச் சம்பா பிரியாணி, தால்ச்சா, வறுத்த கறி. மூன்றே பேர்தான் உட்கார்ந்தோம். மொரேல் இரண்டு கவளம் சாப்பிட்டார். பிறகு கையை நிறுத்தினார். பேச ஆரம்பித்தார். மதராஸ் விலை குறைவுதான், அங்கே தோலிலும் குறையில்லை என்றார். போன வருஷம் தன் மனைவி இறந்துபோனதைச் சொன்னார். அது எங்களுக்கு அவர் எழுதாத செய்தி. அந்த நாட்களில் யார் சொன்ன ஆறுதலும் தன்னைத் தொடவில்லை, ராவுத்தர் எப்போதோ எழுதிய ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன் என்றார். எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து அதைச் சொன்னார். "ஜ ஸெரே ரெஸ்தே..." தொப்பி வைத்த இடம்கூடத் தப்பாமல் முழு வரியையும் சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "என்னவாம்?"

"பிரியாணி ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றாருங்க" என்றேன்.

முதலாளி மொரேலின் முகத்தைப் பார்த்தார், நெஞ்சில் இருந்த கையைப் பார்த்தார். "பிரியாணிக்கு எவன்யா எந்திரிச்சு நின்னு அழுவான்? ஒழுங்காச் சொல்லு."

வேறு வழியில்லை. சொன்னேன். அவருடைய மனைவி மவுத்தானதைச் சொன்னேன். நீங்கள் எழுதியதாக அவர் சொல்கிறார் என்று, அந்த வரியையும் தமிழில் சொன்னேன். "தெரிஞ்சிருந்தா, அவ பக்கத்துல இன்னும் செத்த நேரம் இருந்திருப்பேன்." இத்தனை வருஷம் நான் பிரெஞ்சில் ஒளித்து வைத்ததை முதல்தடவையாகத் தமிழில் என் காதாலேயே கேட்டேன். கூசிப்போய்விட்டது. ஒரு மனுஷனின் வீட்டுச் சாவுக்கு நான் யார் வருத்தப்பட?

முதலாளி அசையவில்லை. பிரியாணியில் வைத்த கை அப்படியே இருந்தது. உள்கட்டில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. இதோ, இலையோடு என்னைத் தூக்கி வெளியே எறியப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"ஆமான்னு சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"அவர உக்காரச் சொல்லு. எலையில சோறு ஆறுது."

மொரேல் உட்கார்ந்தார். முதலாளி தன் கையால் கறியை எடுத்து அவர் இலையில் வைத்தார். அதன்பிறகு இருவரும் பேசவில்லை. நான் மொழிபெயர்க்க எதுவும் இல்லை. என் உத்தியோகத்தில் அப்படி நிம்மதியாக நான் சாப்பிட்டிருக்க வேண்டிய சாப்பாடு அது ஒன்றுதான், ஒரு கவளம் இறங்கவில்லை.

சாயங்காலம் ரயிலேறும்போது மொரேல், வழக்கமான ஆர்டர் வழக்கம்போல் வரும் என்று சொல்லி என் கையைக் குலுக்கினார். வண்டி நகர்ந்தது. ஸ்டேஷன் வாசலில் முதலாளி டிரைவரை டீ குடிக்கப் போகச் சொல்லிவிட்டுக் காரில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். கணக்கு முடிக்கப் போகிறார் என்று தெரிந்துகொண்டேன்.

"ஒனக்கு யாரு சொன்னா?" என்றார்.

"எதுங்க மொதலாளி?"

"அன்னைக்கிப் பட்டை லோடு வந்துச்சு. மழ கட்டி நிக்கிது, நனைஞ்சா அம்புட்டும் பாழு. நான் கெளம்புறேன். அவ கையப் பிடிச்சுக்கிட்டு, செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்களேன்னா. அந்திக்கு வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்திக்குள்ள முடிஞ்சு போச்சு. இது அந்த ரூமுல எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும். ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. நானா எழுதுனது. எல்லாரும் சொல்ற வார்த்ததானுங்க" என்றேன்.

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். கல் என்று நினைத்த ஆளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லையே என்று அழுதேன். அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "டிரைவர் வர்றான், மூக்கத் தொடச்சுக்க" என்றார்.

வேலை போகுமா இருக்குமா என்று தெரியாமல் மறுநாள் காலையில் போனேன். முதலாளி வழக்கம்போல் தொட்டிக்குத் தொட்டி நடந்துகொண்டிருந்தார், வழக்கம்போல் வைதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மார்சேலுக்கு எழுதிக்க" என்றார். பின்னாலேயே நடந்தேன். வந்து போனதில் சந்தோஷம். சரக்கு இன்ன மாசம் ஏறும், இன்ஷா அல்லாஹ். கறை வராது. பணத்தைச் சீக்கிரம் அனுப்பவும். நான்கு வரி. நோட்டை மூடிவிட்டுத் திரும்பினேன்.

"இந்தா, இங்க வா" என்று கூப்பிட்டார். சுண்ணாம்புக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கடைசியில, அந்தக் காலத்துல ஒரு வரி போட்டுரு. அவளப் பத்தி. என்ன போட்டேன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாத."

அவர் மவுத்தாகும் வரைக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி போட்டேன். என்ன எழுதினேன் என்று அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை. வேலாயுதம் கேட்கிறான், மலருக்கு நன்றாக இருக்குமாம். அவனுக்கும் சொல்வதாக இல்லை.